பள்ளிக்கரணை சதுப்புநிலப் பறவைகள்

பள்ளிக்கரணை சதுப்புநிலப் பறவைகள் என்பன சென்னை மாநகரின் தென்பகுதியில் உள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் நிலையாக வாழும் பறவைகளும், ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் அங்கு வந்து தங்கும் நீர்ப்பறவைகளும் ஆகும். இச்சதுப்புநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. பூநாரை, அன்றில், நீளவால் இலைக்கோழி, சாம்பல் தலை ஆட்காட்டி முதலியன இங்கு காணப்படும் குறிப்பிடத்தக்க பறவைகளாகும்.

பல இலட்சம் மக்கள் வாழும் மாநகருக்குள், குப்பைக் கிடங்கிற்கும் நெடுஞ்சாலைகளுக்கும் இடையே, அரிய பறவைகள் காணப்படுவது பலரது கவனத்தை ஈர்த்துள்ளது. பறவைகள் மிகுதியாக வருவது நீர்நிலை நலமாக இருப்பதைக் காட்டுகிறது என்பது பொதுவான கருத்து. எனினும் பிற நீர்நிலைகள் வறண்டு போவதாலும், எஞ்சியுள்ள சிறு பரப்பில் பறவைகள் நெருங்கிக் கூடுவதாலும் கூட இத்தகைய வருகை நிகழலாம். எனவே பறவைகளின் எண்ணிக்கையுடன், அந்நிலத்தின் பரப்பு, நீர் வரத்து, நீரின் ஆழம், நீரின் தரம் ஆகியவற்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

அமைவிடமும் பெயரும்

பள்ளிக்கரணை சதுப்புநிலம் சென்னை நகரின் மையப் பகுதியிலிருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், வங்காள விரிகுடாக் கடற்கரைக்கு இணையாக அமைந்துள்ளது. வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை ஆகிய பகுதிகள் இதனைச் சூழ்ந்துள்ளன. கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலை செல்கிறது. துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் ஆரச்சாலை சதுப்புநிலத்தின் ஊடாகவே அமைக்கப்பட்டுள்ளது.

மழைக்காலத்தில் நீர் பரவி நின்று பின்னர் வடியும் இத்தகைய தாழ்நிலங்களைக் கழுவேலி என்று மக்கள் அழைத்தனர். விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்திற்கு அருகில் உள்ள நீர்நிலை இன்றும் கழுவேலி என்றே வழங்கப்படுகிறது. அரசு ஆவணங்களில் இவ்வகை நிலங்கள் பெரும்பாலும் பயிரிட உதவாத தரிசு நிலங்களாகவே கருதப்பட்டன. மக்கள் வழக்கில் நீரைக் குறித்த பெயர் பெற்ற நிலம், ஆவணத்தில் பயனற்ற நிலமாக இடம்பெற்றதே பிற்காலத்தில் அது எளிதாகப் பிற தேவைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட ஒரு காரணமாயிற்று.

நீர் ஓட்டம்

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் நீர்ப்பிடிப்புப் பரப்பு ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் ஆகும். தென்சென்னையிலும் அதன் புறநகர்களிலும் உள்ள பல ஏரிகளின் உபரிநீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று, இறுதியில் இச்சதுப்புநிலத்தை அடைகிறது. இங்கிருந்து நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளம் கழிமுகத்தின் வழியே கடலைச் சேர்கிறது.

சென்னையின் ஆண்டு மழைப்பொழிவு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் ஆகும். இதில் பாதிக்கும் மேற்பட்ட மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆகவே இயல்பான நிலையில் இச்சதுப்புநிலம் ஆண்டின் இறுதியில் நிரம்பி, சனவரி முதல் படிப்படியாக வடிந்து, கோடையில் சேறும் வெடித்த களிமண்ணுமாக மாறும். இவ்வாறு நிரம்புவதும் வடிவதும் மாறி மாறி நிகழ்வதே சதுப்புநிலத்தின் அடிப்படை இயல்பாகும். நீர் வடியும்போது புதிய சேற்றுப்பரப்பு நாள்தோறும் வெளிப்படுகிறது. அச்சேற்றில் உள்ள புழுக்கள், பூச்சிகளின் இளம் உயிரிகள், நத்தைகள் ஆகியன பறவைகளுக்கு உணவாகின்றன.

கடல் நீரோட்டத்துடன் தொடர்பு இருப்பதால், நன்னீர் உயிரினங்களுடன் சேற்று நண்டு, மடவை மீன் போன்ற உவர்நீர் உயிரினங்களும் இங்குப் பதிவாகியுள்ளன.

காணப்படும் பறவைகள்

இங்குள்ள பறவைகளை அவை தங்கும் காலத்தைக் கொண்டு மூன்று பிரிவுகளாகப் பிரிக்கலாம்.

நிலையாக வாழ்பவை: நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், நெடுங்கால் உள்ளான், புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி, கொக்கு இனங்கள், நீர்க்காகங்கள் ஆகியவற்றை ஆண்டின் பெரும்பகுதியிலும் காணலாம். சம்பும் கோரையும் அடர்ந்த பகுதிகள் இவற்றுக்கு மறைவிடமாகவும் கூடு கட்டும் இடமாகவும் பயன்படுகின்றன. நீளவால் இலைக்கோழி மிக நீண்ட விரல்களைக் கொண்டது. உடலின் எடை பல இலைகளின் மீது பரவுவதால் மிதக்கும் இலைகளின் மேல் மூழ்காமல் நடக்கிறது. இவ்வினத்தில் முட்டைகளை அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் ஆண் பறவையே.

உள்நாட்டில் இடம்பெயர்பவை: கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், அன்றில், பூநாரை ஆகியன இந்தியாவுக்குள்ளேயே நீரையும் உணவையும் தேடி இடம் மாறுபவை. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரி பூநாரைகளுக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடமாகும். பூநாரைகள் பள்ளிக்கரணையிலும் பருவந்தோறும் கூட்டமாகக் காணப்படுகின்றன.

வலசை வருபவை: ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, தட்டைவாயன், கருவால் மூக்கன், பேதை உள்ளான், மீசை ஆலா, சேற்றுப் பூனைப்பருந்து முதலியன குளிர்காலத்தில் வருகின்றன. இவற்றுள் பல மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் இனப்பெருக்கம் செய்பவை. இவை பயணம் செய்யும் வழி மத்திய ஆசியப் பறவை வழித்தடம் எனப்படுகிறது. பெரும்பாலான வலசைப் பறவைகள் அக்டோபர் முதல் வரத் தொடங்கி, மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் திரும்பிச் செல்கின்றன.

"அரிய பறவை" என்பதன் பொருள்

அரிய பறவை என்னும் சொல் மூன்று வேறுபட்ட நிலைகளைக் குறிக்கப் பயன்படுகிறது. இவற்றைப் பிரித்து அறிந்து கொள்ளாவிடில் தவறான முடிவுகளுக்கு இடமுண்டு.

முதலாவது, உலக அளவில் எண்ணிக்கை குறைந்து வரும் பறவை. கருவால் மூக்கன் இதற்கு எடுத்துக்காட்டாகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது அச்சுறுத்தலை அண்மித்த இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் தமிழகக் கடற்கரையில் குளிர்காலத்தில் இதனைக் கூட்டமாகவே காண முடியும். ஓர் இடத்தில் மிகுதியாகக் காணப்படுவதால் மட்டும் ஓர் இனம் பாதுகாப்பாக உள்ளது என்று கொள்ள முடியாது.

இரண்டாவது, உலகில் போதிய எண்ணிக்கையில் இருந்தும் குறிப்பிட்ட பகுதியில் அரிதாகக் காணப்படும் பறவை. சாம்பல் தலை ஆட்காட்டி வடகிழக்குச் சீனாவிலும் சப்பானிலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் தென்கிழக்கு ஆசியா, வங்காளதேசம், வடகிழக்கு இந்தியா ஆகிய பகுதிகளுக்கு வருவது. தென்னிந்தியாவில் இது குறைந்த எண்ணிக்கையிலேயே காணப்படுகிறது.

மூன்றாவது, வழி தவறி வரும் பறவை. புயல், காற்றின் திசை மாற்றம், இளம் பறவையின் அனுபவமின்மை ஆகியவற்றால் வழக்கமான வழித்தடத்தை விட்டு விலகி ஒன்றிரண்டு பறவைகள் வந்து சேர்வதுண்டு. செய்தித்தாள்களில் பெரிதும் இடம்பெறுவன இவையே. ஆயினும் நீர்நிலையின் தரத்தை அறிய இவற்றின் வருகை அதிகம் உதவுவதில்லை.

சதுப்புநிலத்தின் மதிப்பை அறிய முதல் இரு பிரிவுப் பறவைகள் ஆண்டுதோறும் தொடர்ந்து வருகின்றனவா என்பதே முக்கியமானது.

நீரின் ஆழமும் அலகின் அமைப்பும்

ஒரே நீர்நிலையில் பல இனங்கள் ஒன்றோடொன்று பெரிதும் போட்டியிடாமல் வாழ்வதற்கு, அவற்றின் கால், கழுத்து, அலகு ஆகியவற்றின் அமைப்பு வேறுபடுவதே காரணமாகும்.

ஈரச் சேற்றிலும் விரலளவு நீரிலும் சிறிய உள்ளான்கள் உணவு தேடுகின்றன. இவற்றின் அலகு குட்டையானது. கணுக்கால் அளவு நீரில் நெடுங்கால் உள்ளானும், நீண்ட அலகைச் சேற்றுக்குள் செலுத்தும் கருவால் மூக்கனும் மேய்கின்றன. முழங்கால் அளவு நீரில் நாரைகளும் கரண்டிவாயனும் நடந்து இரை தேடுகின்றன. கரண்டிவாயன் தட்டையான அலகை நீருக்குள் பக்கவாட்டில் வீசிச் சிற்றுயிர்களைப் பிடிக்கிறது. நத்தை குத்தி நாரையின் அலகுகளுக்கு இடையே உள்ள இடைவெளி, நத்தையின் ஓட்டைப் பற்றி உள்ளிருக்கும் சதையை எடுக்க உதவுகிறது. பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நுண்ணுயிர்களை வடிகட்டி உண்கிறது. உணவில் உள்ள நிறமிகளாலேயே அதன் இறகுகள் இளஞ்சிவப்பு நிறம் பெறுகின்றன. ஆழமான நீரில் கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா ஆகியன மீன் பிடிக்கின்றன.

இதிலிருந்து, பறவை இனங்களின் எண்ணிக்கைக்கு நீரின் அளவை விட ஆழ வேறுபாடே முக்கியம் என்பது தெளிவாகும். கரைகளைச் செங்குத்தாக வெட்டி ஒரே சீராக ஆழப்படுத்தப்பட்ட ஏரியில் நீர் அதிகம் தங்கலாம். ஆனால் நடந்து மேயும் பறவைகளுக்கு அங்கு இடமில்லை. நீர்க்காகமும் சில வாத்து இனங்களும் மட்டுமே எஞ்சும். சரிவான ஆழமற்ற விளிம்பு அழிக்கப்படும்போது, நீர்நிலை அழியாமலே அதன் பறவைகளில் பெரும்பகுதி அழிந்து விடுகிறது.

நகருக்கு அருகில் பறவைகள் கூடுவதன் காரணங்கள்

பள்ளிக்கரணையில் பறவைகள் மிகுதியாகக் காணப்படுவதற்குக் கீழ்க்கண்ட காரணங்களைக் குறிப்பிடலாம்.

இயற்கையான தகுதி: ஆழமற்ற பரந்த நீர்ப்பரப்பு, நன்னீரும் உவர்நீரும் கலக்கும் நிலை, கடற்கரைக்கு அண்மை ஆகியன நகரம் விரிவடைவதற்கு முன்பே இங்கு இருந்தவை. பறவைகள் நகரைத் தேடி வரவில்லை. பறவைகள் வந்துகொண்டிருந்த இடத்தை நகரம் வந்தடைந்தது.

வற்றாத கழிவுநீர்: சுற்றுப்புறக் கழிவுநீர் கலப்பதால் கோடையிலும் சதுப்புநிலத்தின் சில பகுதிகள் வறளுவதில்லை. கழிவுநீரில் உள்ள சத்துகள் பாசியையும், சேற்றில் வாழும் பூச்சிகளின் இளம் உயிரிகளையும் பெருக்குகின்றன. இதனால் குறிப்பிட்ட எல்லை வரை பறவைகளுக்கு உணவு அதிகரிக்கிறது. அந்த எல்லையைக் கடந்தால் நீரில் உயிர்வளி குறைந்து, மீன்களும் பிற உயிர்களும் மடிகின்றன.

பிற நீர்நிலைகளின் வறட்சி: மழை பொய்த்த ஆண்டுகளில் உள்நாட்டு ஏரிகள் வற்றிவிடுவதால், பறவைகள் நீர் எஞ்சியுள்ள இடங்களில் கூடுகின்றன. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. இத்தகைய காலங்களில் ஓரிடத்தில் காணப்படும் பெருங்கூட்டம், பரந்த பகுதியில் ஏற்பட்ட இழப்பின் அடையாளமாக இருக்கலாம்.

நோக்குவோர் பெருக்கம்: 1978இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கையாளர் சங்கத்தின் உறுப்பினர்களும் பிற ஆர்வலர்களும் இப்பகுதியில் பறவைகளைத் தொடர்ந்து பதிவு செய்து வந்துள்ளனர். எண்ணிம ஒளிப்படக் கருவிகளும் இணையவழிப் பறவைப் பட்டியல்களும் பரவியதனால், முன்பு கவனிக்கப்படாமல் போயிருக்கக் கூடிய பறவைகளும் இப்பொழுது பதிவாகின்றன. பதிவுகள் பெருகுவதும் பறவைகள் பெருகுவதும் ஒன்றல்ல.

உள்நாட்டு ஏரிகளுடன் தொடர்பு

கடற்கரைச் சதுப்புநிலத்தின் பறவைகளை உள்நாட்டு ஏரிகளிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. வடதமிழகத்தின் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்கள் ஏரிப் பாசனத்திற்குப் பெயர்பெற்றவை. மழைநீரைத் தேக்க ஒரு பக்கம் மட்டும் கரை எழுப்பப்பட்ட இவ்வேரிகள் கரையருகே ஆழமாகவும், எதிர்ப்புறம் படிப்படியாக ஆழம் குறைந்தும் இருக்கும். பாசனத்திற்காக நீர் திறந்து விடப்படும்போது ஆழமற்ற விளிம்பு மெல்ல உள்நோக்கி நகர்கிறது. சதுப்புநிலத்தில் இயற்கையாக நிகழும் நீர் வடிதலை இவ்வேரிகளில் உழவர்களின் பாசன முறை நிகழ்த்துகிறது எனலாம். இதனால் இவை பறவைகளுக்கு ஏற்ற மேய்ச்சல் நிலங்களாகின்றன.

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரி ஏறக்குறைய 30 எக்டேர் பரப்பே உடையது. எனினும் இது இந்தியாவின் மிகப் பழமையான பறவைப் புகலிடங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. பறவைகளைச் சுடுவதற்கு எதிராக ஊர் மக்கள் முறையிட்டதன் பேரில், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த லயனல் பிளேசு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாதுகாப்பு உரிமை வழங்கியதாக அறியப்படுகிறது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதை உழவர்கள் அறிந்திருந்தனர். வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் அவ்வேரியில் மட்டும் இரை தேடுவதில்லை. சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் நெல் வயல்களுக்கும் பறந்து சென்று குஞ்சுகளுக்கு உணவு கொண்டு வருகின்றன.

இன்னும் உட்பகுதியில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதியின் கரையில் ஆரணி நகரம் உள்ளது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற இந்நகரைச் சூழ்ந்துள்ள ஊர்களில் நெல் சாகுபடியும் ஏரிப் பாசனமும் நெசவுத் தொழிலுடன் இணைந்தே நடைபெறுகின்றன. கமண்டல நாக நதி செய்யாற்றிலும், செய்யாறு பாலாற்றிலும் கலக்கின்றன. ஆகவே ஆரணிப் பகுதியின் நீர் பள்ளிக்கரணையை அடைவதில்லை. இவ்விரு பகுதிகளையும் இணைப்பது நீரன்று, பறவைகளே. நாரை, அரிவாள் மூக்கன் போன்ற பறவைகளுக்கு மாவட்ட எல்லைகள் இல்லை. மழைக்குப் பின் உள்நாட்டு ஏரிகளில் பரவி மேயும் இவை, ஏரிகள் வற்றத் தொடங்கியதும் நீருள்ள இடங்களுக்கு நகர்கின்றன.

ஆகையால் ஒரு சிற்றூர் ஏரியின் நீர்வரத்துக் கால்வாய் அடைபடுவதும், விளிம்பு மண் கொட்டி மேடாக்கப்படுவதும் அவ்வூருக்கு மட்டும் உரிய இழப்பல்ல. ஆரணி போன்ற வளர்ந்து வரும் நகரங்களின் ஓரத்தில் உள்ள ஏரிகள், சில பத்தாண்டுகளுக்கு முன் பள்ளிக்கரணை இருந்த நிலையை ஒத்தவை. அங்கு வீட்டுமனைகளும் சாலைகளும் ஏரியின் விளிம்பை நெருங்கும்போது எடுக்கப்படும் முடிவுகளே, எதிர்காலத்தில் பறவைகள் பரவி வாழுமா, ஒரு சில இடங்களில் நெருங்கி வாழுமா என்பதைத் தீர்மானிக்கும்.

பரப்புக் குறைவும் மாசும்

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் பரப்பு 5,000 எக்டேருக்கும் அதிகமாக இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. 2010ஆம் ஆண்டை ஒட்டி இது ஏறக்குறைய 600 எக்டேராகச் சுருங்கியிருந்தது. குடியிருப்புகள், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள், கல்வி மற்றும் ஆய்வு நிறுவனங்கள், சாலைகள், தொடர்வண்டிப் பாதை ஆகியவற்றுக்காக நிலம் மேடாக்கப்பட்டதே இதற்குக் காரணம்.

சதுப்புநிலத்தின் வடபகுதியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு அமைந்துள்ளது. தென்சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக இங்குக் கொட்டப்பட்டு வந்தது. குப்பையிலிருந்து கசியும் நீர் சதுப்புநிலத்தில் கலப்பதுடன், குப்பை எரிவதால் எழும் புகையும் சுற்றுப்புற மக்களைப் பாதித்தது. 2020களில் சென்னை மாநகராட்சி பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றி நிலத்தை மீட்கும் பணியை மேற்கொண்டது.

ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும் பரவுவது மற்றொரு சிக்கலாகும். ஆகாயத்தாமரை நீர்ப்பரப்பை மூடிக்கொள்வதால் ஒளி உட்புகாமல், உள்ளூர் நீர்த்தாவரங்கள் அழிகின்றன. இலைக்கோழி போன்ற ஒரு சில பறவைகள் இதன் மேல் நடமாடக் கூடுமெனினும், வாத்துகளுக்கும் நடந்து மேயும் பறவைகளுக்கும் திறந்த நீர்ப்பரப்பு இல்லாமற் போகிறது.

வெப்பமான, உயிர்வளி குறைந்த, கழிவு மிகுந்த நீரில் பறவைகள் நெருங்கி வாழ்வது நோய்ப் பரவலுக்கும் வழி செய்யும். இராசத்தானில் உள்ள சாம்பார் ஏரியில் 2019 நவம்பரில் 18,000க்கும் மேற்பட்ட பறவைகள் இறந்தன. இதற்குப் பொட்டுலிசம் எனப்படும் நச்சு நோய் காரணம் என ஆய்வில் கண்டறியப்பட்டது. ஒரே நீர்நிலையில் பெரும்பகுதிப் பறவைகள் கூடியிருக்கும்போது, ஒரு நோய் குறுகிய காலத்தில் எத்துணை இழப்பை ஏற்படுத்தக் கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

சதுப்புநிலம் சுருங்கியதன் விளைவு பறவைகளுடன் நின்றுவிடவில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஏற்பட்ட வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் முதலிய பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் தங்கிச் செல்வதற்கு இருந்த இடம் குறைந்தபோது, அந்நீர் வீடுகளுக்குள் தங்கியது. பறவைகளுக்குத் தேவையான ஆழமற்ற விளிம்பும், வெள்ளநீர் பரவுவதற்குத் தேவையான தாழ்நிலமும் ஒன்றே.

பாதுகாப்பு நடவடிக்கைகள்

1985-86இல் இந்திய அரசு தொடங்கிய தேசிய ஈரநிலப் பாதுகாப்புத் திட்டத்தில், தமிழகத்தின் கோடியக்கரை, கழுவேலி ஆகியவற்றுடன் பள்ளிக்கரணையும் அடையாளம் காணப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் சென்னையைச் சேர்ந்த கேர் எர்த் அறக்கட்டளை இச்சதுப்புநிலத்தின் சூழலியல் நிலை குறித்த ஆய்வை மேற்கொண்டது. இவ்வறக்கட்டளையின் நிறுவனர்களுள் ஒருவரான ஜெயசிறீ வெங்கடேசனுக்கு 2025இல் ஈரநிலங்களின் அறிவார்ந்த பயன்பாட்டிற்கான ராம்சர் விருது வழங்கப்பட்டது. குடியிருப்போர் அமைப்புகளும் பறவை ஆர்வலர்களும் சதுப்புநிலத்தைக் காக்கும்படி தொடர்ந்து கோரி வந்தனர்.

2007இல் சதுப்புநிலத்தின் 317 எக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு வனத்துறையின் பொறுப்பில் வந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் நாள் முதல் இது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ராம்சர் ஒப்பந்தம் என்பது 1971 பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் கையெழுத்தான, ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையாகும். இந்தியா இதில் 1982இல் இணைந்தது. நீர்ப்பறவைகளைப் பொறுத்தவரை, ஓர் ஈரநிலம் வழக்கமாக 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளுக்கு இடமளித்தாலோ, ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையில் 1 விழுக்காட்டைத் தாங்கினாலோ இப்பட்டியலுக்குத் தகுதி பெறுகிறது. இவை தவிர வேறு தகுதி விதிகளும் உண்டு.

பள்ளிக்கரணையின் ராம்சர் பரப்பு ஏறக்குறைய 1,248 எக்டேர் ஆகும். இது 2007இல் அறிவிக்கப்பட்ட காப்புக்காட்டுப் பரப்பை விடப் பெரிது. எல்லை எங்கு முடிகிறது, அதனைச் சுற்றிக் கட்டடங்கள் எழுப்பலாமா என்பன தொடர்ந்து வழக்குகளுக்குக் காரணமாயின. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் அடிப்படையில் தாக்க மண்டலம் வரையறுக்கப்படும் வரை, ராம்சர் எல்லைக்குள்ளும் அதிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவு வரையிலும் கட்டட அனுமதி வழங்கக் கூடாது என்று பணித்தது. அரிய பறவைகளின் வருகையால் கவனம் பெற்ற நிலம், இறுதியில் வரைபடத்தில் கோடு எங்கு இடப்படுகிறது என்பதைப் பொறுத்தே காக்கப்படும் நிலையில் உள்ளது.

பிற நகரங்கள்

மும்பைக்கு அருகில் உள்ள தானே கழிமுகத்தில் 1990கள் முதல் பூநாரைகள் பெருமளவில் வந்து தங்குகின்றன. கழிவுநீரால் பாசி பெருகியது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. அக்கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரைப் புகலிடமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

சிங்கப்பூரில் சுங்கை பூலோ சதுப்புநிலத்தின் பறவை வளத்தை 1986இல் இயற்கை ஆர்வலர்கள் சிலர் கண்டறிந்து அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றனர். 1989இல் அது இயற்கைப் பூங்காவாகவும், 2002இல் இயற்கைக் காப்பிடமாகவும் ஆக்கப்பட்டது. ஆங்காங்கில் உள்ள மாய் போ சதுப்புநிலம் கருமுகக் கரண்டிவாயன் என்னும் அரிய பறவையின் குளிர்கால இருப்பிடங்களுள் ஒன்றாகும். 1990ஆம் ஆண்டை ஒட்டி உலகில் ஏறக்குறைய 300 மட்டுமே கணக்கிடப்பட்ட இப்பறவை, பல நாடுகளின் பாதுகாப்பு முயற்சியால் 2020களில் 6,000ஐக் கடந்தது. மாய் போவில் ஆழமற்ற இறால் குளங்களின் நீரை வடித்துப் பறவைகளுக்கு மேய்ச்சல் இடம் அளிப்பது பராமரிப்பின் ஒரு பகுதியாகும். நகருக்கு மிக அருகிலும் முறையான நீர் மேலாண்மையால் அரிய இனங்களைக் காக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

கணக்கெடுப்பும் பொதுமக்கள் பங்கும்

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் நடத்தப்படுகிறது. ஒரே காலத்தில் பல நீர்நிலைகளில் எண்ணுவதால், பறவைகள் உண்மையில் பெருகினவா, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்ந்தனவா என்பதை ஓரளவு பிரித்தறிய முடிகிறது. பெரும்பாலும் தன்னார்வலர்களே இதில் ஈடுபடுகின்றனர்.

மாணவர்கள் தம் ஊர் ஏரியிலேயே இத்தகைய பதிவுகளைத் தொடங்கலாம். பறவையின் பெயர், எண்ணிக்கை, நாள், நேரம் ஆகியவற்றுடன், ஏரியில் நீர் எவ்வளவு உள்ளது, பறவை எவ்வளவு ஆழத்தில் மேய்ந்தது, கரையோரத்தில் என்ன மாற்றம் நிகழ்ந்துள்ளது என்பனவற்றையும் குறித்து வைத்தல் நன்று. அரிய பறவைகளை மட்டுமின்றி எல்லாப் பறவைகளையும் பதிவு செய்ய வேண்டும். வழக்கமாகக் காணப்படும் முக்குளிப்பானும் கொக்கும் குறைந்து வருவதை, ஆண்டுதோறும் எழுதி வைக்கப்பட்ட பட்டியல் மட்டுமே காட்டும். பறவைகளை நோக்குவோர் கூடுகளை நெருங்காமலும், ஒளிப்படத்திற்காகப் பறவைக் கூட்டத்தை எழுப்பாமலும் இருத்தல் வேண்டும். நெடுந்தொலைவு பறந்து வந்த பறவைக்கு ஒவ்வொரு தேவையற்ற பறத்தலும் திரும்பும் பயணத்திற்காகச் சேர்த்து வைத்த ஆற்றலின் இழப்பாகும்.